எட்டுப் போடாத டிரைவர்

போன கார்த்திகையில் மாப்பிள்ளை புதுக் கார் எடுத்தார். மதுரையில் டெலிவரி. பெரியவங்க கூட வரணும் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னதால் நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். ஷோரூமில் ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் கழகத்துக்குப் புது பஸ் வந்தால் ஒரு பூசணிக்காயோடு முடிந்தது. அதை விடுங்கள்.

வண்டியைப் பற்றி விளக்கிச் சொன்ன தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். நல்ல பிள்ளை. "சார், இது அஞ்சு ஸ்டார். லெவல் டூ அடாஸ். நீங்க ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும், மத்ததை வண்டி பாத்துக்கும்" என்றார்.

"தம்பி, இந்த அஞ்சு ஸ்டார் எதுக்குக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"சேஃப்டிக்கு சார்."

"தானா ஓட்டுறதுக்குமா?"

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் சார்."

அது தப்பு. அந்தப் பையன் வேண்டுமென்றே சொன்னதில்லை, அவனுக்கே தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. அவர் இன்ஜினியர். இருபது லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளில், வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் தெரியாத ஒரு டிரைவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பதிவு அவரைப் பற்றித்தான்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. சின்னமனூர் தாண்டியதும் மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் இருந்த பட்டனைத் தட்டினார். முன்னால் ஒரு அரசு பஸ். அது வேகம் குறைத்தால் கார் குறைக்கிறது, அது எடுத்தால் இதுவும் எடுக்கிறது. கோட்டுக்குள்ளேயே போகிறது. நானே அசந்துபோனேன். வீட்டம்மா, "நீங்க இத்தனை வருஷம் ஓட்டுனதை இது ஒரு பட்டன்ல ஓட்டுது பாருங்க" என்று கிண்டல் வேறு.

உத்தமபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த பஸ் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கியது. அந்த டிரைவர் பார்த்துவிட்டார். ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நிற்கிறது. சிவப்பு லைட்டும் கிடையாது, பின்னால் ஒட்டும் பட்டையும் கிடையாது. பஸ் விலகியதும் எங்கள் கார் என்ன நினைத்ததோ, வழி காலி என்று வேகம் எடுத்தது.

"மாப்பிள்ளை, பிரேக்!"

மிதித்தார். டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவே நாலு முழம் இருக்கும். பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் முழித்து அழுதாள். கம்பம் வந்து சேரும்வரை யாரும் பேசவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். தலையணை மொத்தம். அதில் எங்கோ நடுவில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை இந்த அமைப்பு கண்டுகொள்ளாமல் போகலாம். முன்னால் போகும் வண்டி திடீரென்று விலகினால் அதற்கு முன்னால் இருப்பதைத் தாமதமாகவே உணரலாம். இருசக்கர வாகனம், கால்நடை, கனமழை, மூடுபனி, கூர்மையான வளைவு, அழிந்த கோடு, எதிர்வெயில், இரவு... எல்லா இடத்திலும் கவனம் தேவை. பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருக்கே.

இதில் ஒன்றுகூட இல்லாத ரோடு நம் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் அரசு பஸ் கழகத்தில் 31 வருஷம். கடைசி ஒன்பது வருஷம் புது டிரைவர்களை மலைப்பாதைக்குப் பழக்குகிற வேலை. லைசென்ஸ் எல்லாரிடமும் இருக்கும், ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஆனாலும் லோயர் கேம்ப் தாண்டித் தனியாக அனுப்பமாட்டேன். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். ரோட்டைப் பார்க்கமாட்டேன், டிரைவரின் கண்ணையும் காலையும்தான் பார்ப்பேன். நன்றாக ஓட்டுவது நேர்ரோட்டில் எல்லாருக்கும் வரும். இவன் எதில் கோட்டை விடுவான் என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஒருத்தன் இறக்கத்தில் கியரை விட்டுவிட்டு பிரேக்கையே நம்புவான், ஒருத்தன் எதிர் லைட்டில் திகைப்பான். அது தெரிந்தால் திருத்தலாம், இல்லையென்றால் வேறு ரூட்டில் போடலாம்.

இந்தக் காருக்குள் இருக்கும் டிரைவருக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது? அந்தக் கையெழுத்து இருந்தால் வாங்குகிறவன் பார்வைக்கு எங்கே வைத்திருக்கிறார்கள்?

முதலில் இந்த ஸ்டார் விவகாரம். பாரத் என்கேப் என்று நம் அரசாங்கத்தின் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதவிடுகிறார்கள். பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்கிறார்கள். கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு. உள்ளே வைத்த பொம்மைகளுக்கு என்ன அடி என்று அளந்து, பெரியவர்களுக்கு இத்தனை ஸ்டார், குழந்தைகளுக்கு இத்தனை ஸ்டார் என்று தருகிறார்கள். அதாவது இடித்த பிறகு நீங்கள் பிழைப்பீர்களா என்பதற்கான மார்க் அது. இடிக்காமல் இருக்க வண்டி தானாகப் பிரேக் போடுமா, கோட்டைச் சரியாகப் பிடிக்குமா, டிராக்டரைப் பார்க்குமா என்பதெல்லாம் அந்த மார்க்கில் சேரவே இல்லை. ஹெல்மெட்டுக்குத் தந்த சான்றிதழைக் காட்டி, பைக் ஓட்டத் தெரியும் என்று சொல்வது போலத்தான் இது.

அடுத்தது லெவல். லெவல் டூ என்றதும் நம் ஆட்கள் இரண்டாவது கிளாஸ் பாஸ் மாதிரி நினைக்கிறார்கள். ஒன்றை விட இரண்டு மேல், மூன்று வந்தால் இன்னும் மேல். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற இன்ஜினியர்கள் சங்கம் பூஜ்யம் முதல் ஐந்து வரை வகுத்த எண் இது. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. லெவல் டூ என்றால் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் வண்டி பிடிக்கும், ஆனால் கண் நீங்கள்தான், பொறுப்பும் நீங்கள்தான். அந்த வேலையை வண்டி எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. ஒரு ஆள் சமையல்காரர் என்று சொன்னால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றா அர்த்தம்? கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள்.

ஆக, ஷோரூமில் காட்டும் எண் இரண்டு. இரண்டுமே நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை.

வெளிநாட்டில் இதற்கென்று தனிப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் யூரோ என்கேப் 2020-இல் பத்துக் கார்களை எடுத்து, இந்த ஓட்டுநர் உதவி அமைப்பை மட்டும் தனியாகச் சோதித்தது. எங்களுக்குச் சின்னமனூர் தாண்டி நடந்தது அவர்கள் பரீட்சையில் ஒரு கேள்வி. முன்னால் போகும் வண்டி விலகுகிறது, அதற்கு முன்னால் ஒன்று நிற்கிறது, கார் என்ன செய்யும்? அந்தப் பரீட்சையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. வண்டி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓட்டுகிறது என்பதற்கு மட்டும் மார்க் இல்லை, உட்கார்ந்திருக்கும் மனுஷனை விழிப்பாக வைத்திருக்கிறதா என்பதற்கும் மார்க். அதனால்தான் இயந்திரத் திறமையில் முன்னால் நின்ற டெஸ்லா மாடல் 3-க்கு மொத்தத்தில் நடுத்தரம் என்றுதான் கிடைத்தது. ஆட்டோபைலட் என்று பேர் வைத்ததே தவறு, வண்டி முழுக்கத் தானே ஓட்டும் என்ற எண்ணத்தை அது தருகிறது என்று எழுதினார்கள்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் ஐஐஹெச்எஸ் என்ற அமைப்பு 2024 மார்ச்சில் இதே மாதிரி 14 அமைப்புகளுக்கு மார்க் போட்டது. நன்று என்று ஒன்றுமே வாங்கவில்லை. ஏற்கலாம் என்று ஒன்று, சுமார் என்று இரண்டு, மீதி பதினொன்றும் மோசம். எல்லாம் பெரிய கம்பெனி வண்டிகள். அந்த ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடு அழிந்திருக்காது, மாடு வராது.

இன்னொரு செய்தி படித்தேன், அதுதான் என்னை உலுக்கியது. அதே அமைப்பு 2025 ஜனவரியில் ஒரு ஆய்வை வெளியிட்டது. இருட்டில் ரோட்டைக் கடக்கும் ஆள் மாதிரி பொம்மை வைத்து மூன்று கார்களைச் சோதித்தார்கள். லைட் பட்டால் மின்னும் பட்டையை அந்தப் பொம்மைக்கு மாட்டியபோது இரண்டு கார்களின் தானியங்கி பிரேக் அதை ஆளாகவே புரிந்துகொள்ளத் திணறியது. மனுஷக் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மாட்டுவது, கேமராவைக் குழப்புகிறது. பழனிக்கும் சபரிமலைக்கும் பாதயாத்திரை போகிறவர்களின் பைமேல் போலீசார் அந்தப் பட்டையைத்தான் ஒட்டி அனுப்புகிறார்கள். ஒட்டவேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் ஒட்டவேண்டும். அந்த வண்டிகள் நம் ஐயப்ப சாமிகளைப் பார்க்குமா என்று இங்கே யார் சோதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நம் நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் நூற்றுக்கு 44.5, நடந்து போனவர்கள் 19.5. கூட்டிப் பாருங்கள், நூற்றுக்கு 64. காருக்குள் இருக்கும் பொம்மைக்கு அஞ்சு ஸ்டார் தருகிறோம், சாகிறவர்களில் பெரும்பாலோர் காருக்கு வெளியே இருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்க பழைய ஆளு, மிஷின்னாலே பயம்" என்று நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் சொன்னார். பயம் இல்லை. 1997 என்று நினைவு, சென்னையிலிருந்து திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டி விடியற்காலை நான்கு மணிக்கு என் கண் மூடியது. எத்தனை நொடி என்று தெரியாது. டயர் மண்ணில் இறங்கிய சத்தத்தில் விழித்தேன். பின்னால் ஐம்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை தெரியாது, இப்போதுதான் எழுதுகிறேன். அன்றைக்கு என் பஸ்ஸில் ஒரு மணி அடித்திருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பேன். பெரிய பஸ், லாரிகளில் தானியங்கி அவசர பிரேக், தூக்கக் கலக்க எச்சரிக்கை, கோடு தாண்டினால் எச்சரிக்கை இதெல்லாம் கட்டாயமாக வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் ஒரு வரைவு வெளியிட்டது. எனக்கு அது முழுச் சம்மதம்.

2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். கூடப் போன ஒரு குழந்தை பிழைத்தது. அந்த வாரம் நம் பக்கத்தில் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை. மனுஷன் ஓட்டினால் தவறு வராது என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. உதவிக்கு ஒரு மிஷின் வரட்டும். ஆனால் எச்சரிக்கை மணி வேறு, ஸ்டியரிங்கைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வது வேறு. மணி அடித்தால் தூங்குகிறவன் முழிப்பான். ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டால் முழித்திருப்பவன் தூங்குவான். அடாஸை ஓடவிட்டு டிரைவர் சீட்டை விட்டு எழுந்து பின்னால் போய் உட்கார்ந்து வீடியோ போட்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள்.

பரீட்சை எப்படி வைக்கவேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். கேள்வித்தாள் என்னிடம் இருக்கிறது.

கார்த்திகை மாதம், ராத்திரி ஏழு மணிக்குத் தேனியிலிருந்து புறப்படட்டும். வீரபாண்டியில் பாலத்துக்கு முன்னால் கூட்டம் ரோட்டைக் கடக்கும், எவரும் இரண்டு பக்கமும் பார்க்கமாட்டார்கள். கோட்டூர், சீலையம்பட்டி பக்கம் அறுப்புச் சமயத்தில் ரோட்டோரம் நெல் காயும். நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், எல்லைக்கு வைத்த கல்லை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தக் கல் தெரிகிறதா? அனுமந்தன்பட்டிப் பக்கம் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வரும், பின்லைட்டைப் புல் மறைத்திருக்கும், பார்த்தால் ஒரு நகரும் புதர். அது வண்டி என்று புரிகிறதா? ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் ஜீப்புகள் கம்பத்தில் திடீர் திடீரென்று நின்று பெண்களை இறக்கிவிடும். அதில் ஒரு அம்மா ஜீப்புக்குப் பின்னாலிருந்து தூக்குச்சட்டியோடு ஓடி வருவார். பிரேக் விழுகிறதா? சும்மா பிரேக் போட்டாலும் மார்க் கிடையாது, பின்னாலேயே லாரி வருகிறது.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். இங்கிருந்துதான் என் பேப்பர். சீசனில் மேலே போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி ரோட்டை இறங்குகிறவர்களுக்கு விடுவது வழக்கம். அன்றைக்கு ரோடு ஒரு மாதிரி, மற்ற நாளில் வேறு மாதிரி. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார், அந்தக் கை காருக்குப் புரிகிறதா? மேலே மஞ்சு இறங்கினால் வெள்ளைக் கோடு கிடையாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது சட்டம், மலை டிரைவர்களுக்கு வேதம். அப்புறம் ஹாரன். கொண்டை ஊசி வளைவில் கண்ணால் ஓட்டமுடியாது, காதால்தான் ஓட்டவேண்டும். மேலே ஒரு பஸ் ஹாரன் அடித்தால் நான் கீழேயே நின்றுவிடுவேன், அது திரும்பும்போது வாலை எங்கே வீசும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கார் கேமராவையும் ரேடாரையும் வைத்து ஓட்டுகிறது. அதற்குக் காது கிடையாது. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. காது கேட்காத டிரைவருக்கு அந்த ரூட்டில் நான் டியூட்டி போட்டிருப்பேனா?

இதில் பாஸ் பண்ணவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஃபெயில் ஆகட்டும், ஆனால் எதில் ஃபெயில் என்று ஷோரூம் கண்ணாடியில் ஒட்டுங்கள். நின்ற வண்டி: தெரியாது. மலைப்பாதை: கூடாது. ராத்திரி நடப்பவர்: பாதிதான். வாங்குகிறவன் அதைப் பார்த்துவிட்டு வாங்கட்டும். நானூறு பக்கப் புத்தகத்தின் நடுவில் ஒளித்துவைத்து, டெலிவரி எடுத்த பிறகு கையில் கொடுப்பது என்ன நியாயம்?

ஒட்டினால் என்ன ஆகும் என்று நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10 எல்லாம் அதில் உண்டு. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்யம். அன்றைக்கும் கம்பெனிக்காரர்கள் இந்திய ரோட்டுக்கு இது போதும் என்றார்கள். வீடியோவை ஊரே பார்த்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கியது. இன்றைக்கு ஸ்டார் இல்லாமல் காரை விற்கவே கூச்சப்படுகிறார்கள். மார்க்கை வெளியில் சொன்னதும் ஐந்தே வருஷத்தில் நடந்தது அது.

பாரத் என்கேப்பைத் திருத்த 2025 நவம்பரில் ஒரு வரைவு வந்திருக்கிறது. 2027 அக்டோபரிலிருந்து என்கிறார்கள். விபத்தைத் தவிர்க்கும் திறனுக்கு நூற்றில் பத்து மார்க். வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தை மொத்தத்தில் கரைத்து மறுபடி ஒரே ஸ்டாராகக் காட்டினால் ஷோரூம் தம்பி இன்றைக்குச் சொன்னதைத்தான் அன்றைக்கும் சொல்வார். தனி அட்டை வேண்டும். ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்க மத்திய அரசே பெரிய ஆராய்ச்சி மையம் கட்டி ஓடுதளம் போட்டு வைத்திருக்கிறது. அங்கே ஒரு டிரெய்லரையும் ஒரு புல்லுக்கட்டையும் கொண்டுபோய் நிறுத்த எவ்வளவு செலவாகும்? கட்டாயமாகவும் வேண்டும். இப்போது கம்பெனி விரும்பி அனுப்பினால்தான் சோதனை. படித்த பிள்ளை மட்டும் பரீட்சைக்கு வந்தால் போதும் என்றால், எங்கள் காலத்தில் நாங்களும் எல்லாரும் பாஸ்தான்.

நிதின் கட்கரி அவர்கள் பலமுறை சொல்லிவிட்டார், டிரைவர்கள் வேலை போகும், ஆகவே டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று. டிரைவர் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் அவருக்கு நன்றி. ஆனால் டிரைவர் இல்லாத கார் வாசலில் நிற்கிறது, உள்ளே விடவில்லை. பாதி டிரைவர் உள்ள கார் எப்போதோ உள்ளே வந்து நம் வீட்டு போர்டிகோவில் நிற்கிறது. முழுசாக ஓட்டுகிறவனை விட, பாதி ஓட்டிவிட்டு இக்கட்டில் ஸ்டியரிங்கை நம் மடியில் போடுகிறவன்தான் எனக்கு பயம்.

பொங்கலுக்கு மாப்பிள்ளை வந்தபோது குமுளி வரை போய்வந்தோம். லோயர் கேம்ப் வந்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே பட்டனை அணைத்தார். "மாமா, இங்கிட்டு நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுறேன்" என்றார். சொன்னேன். இரண்டாவது வளைவிலேயே ஹாரன் அடிக்க மறந்தார்.

அந்த ஷோரூமுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். உங்கள் வண்டியின் தானியங்கி ஓட்டத்தை நிற்கும் டிரெய்லருக்கு எதிரே, இரவில், இந்திய ரோட்டில் யார் சோதித்தார்கள், முடிவு என்ன, அது எங்கே கிடைக்கும் என்று மூன்றே கேள்வி. பதிலுக்கு வழவழப்பான தாளில் ஒரு விளம்பரப் புத்தகம் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்து, "சார், டெஸ்ட் டிரைவ் எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னேன். திரும்பக் கூப்பிடுகிறேன் என்றார்.